பெரியண்ணன் அழித்த மெசேஜ்

எனக்கு இரண்டு அண்ணன்கள். பெரியண்ணன் பாதி ஆயுளைக் குவைத்தில் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். சின்னண்ணன் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் ஊரை விட்டு வெளியே தங்கியதில்லை. பொன்னமராவதிக்குப் பக்கத்தில், அப்பா கட்டிய ஓட்டுவீட்டின் நடுவே சுவர் எழுப்பி, கிழக்குப் பாதியில் பெரியவரும் மேற்குப் பாதியில் சின்னவருமாகக் குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவருக்கும் ஸ்மார்ட்போன் பழக்கிவிட்டவள் நான்தான்.

பழக்கும்போது மரியாதைகளையும் சேர்த்துத்தான் பழக்கினேன். எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது, எதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட வேண்டும் என்றெல்லாம் வகுப்பெடுத்தேன். கேட்டுக்கொண்டார்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றும் சொன்னேன். அதை மட்டும் கேட்கவில்லை.

சண்டை நிலத்துக்காகவோ வேலிக்காகவோ வந்ததில்லை. அப்படி வந்திருந்தால் பெரிய மனிதர்களைக் கூட்டிவைத்துப் பேசி முடித்திருக்கலாம். அப்பா இறந்த அன்று வந்த சண்டை அது.

எங்கள் பக்கம் தூரத்தில் இருப்பவர்களிடம் ஆள் இறந்துவிட்டார் என்று உடனே சொல்வதில்லை. "ரொம்ப சீரியஸா இருக்காரு, கெளம்பி வா" என்றுதான் சொல்வோம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் அநேகமாகத் தெரியும். வருகிற வழியில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்றுதான் அந்தப் பொய். பெரியண்ணனுக்கும் அப்படித்தான் சொன்னோம். அடித்துப்பிடித்து டிக்கெட் எடுத்துக் கிளம்பியவர், விமானம் மாறுகிற ஊரில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா இருக்கமாட்டாமல் முகநூலைத் திறந்திருக்கிறார். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் அப்பாவின் உடலை மாலையோடு படம் பிடித்து, கண்ணீர் அஞ்சலி என்று எழுதிப் போட்டிருந்தான். கீழே ஊரே கைகூப்பிக்கொண்டிருந்தது. தகப்பன் செத்த சேதியைப் பெற்ற பிள்ளை அப்படித் தெரிந்துகொண்டார்.

அடுத்த விமானம் தாமதம். இங்கே சித்திரை வெயில். வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி, கரண்டு போவதும் வருவதுமாக இருந்ததில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். பெரியண்ணனுக்குப் போன் போகவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் மூத்த மகன். அவர் இல்லாததால் சின்னண்ணன் வைத்தார். அழுதுகொண்டேதான் வைத்தார் என்று சுடுகாட்டுக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

பெரியண்ணனின் கார் தெருவுக்குள் நுழைந்தபோது நாங்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தோம். உடல் போன பிறகு வீட்டைக் கழுவிவிடுவோமே, அந்தத் தண்ணீர் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தத் தண்ணீரில் ஷூக்காலோடு நின்றார். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த சின்னண்ணனைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதாடா?" என்று கேட்டார். அதுதான் அவர்களுடைய கடைசிப் பேச்சு. அதிலும் பேசியது ஒருவர்தான்.

யார் பக்கம் நியாயம் என்று என்னை இன்றைக்கும் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால் மற்றவரைப் பிடித்து இழுத்து வந்து மன்னிப்புக் கேட்க வைத்திருப்பேன்.

சில வருஷங்களில் பெரியண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. குவைத்தை முடித்துக்கொண்டு வந்து கிழக்குப் பாதியில் இருந்தார். அவருடைய மகன் அங்கே வேலைக்குப் போனான். டயாலிசிஸ் செய்ய அண்ணன் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு வருவார். முடிந்ததும் என் வீட்டில் படுத்திருந்துவிட்டு வெயில் தாழ பஸ் ஏறுவார். மகனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று புதுப் போன் வாங்கினார். கொரோனாக் காலத்தில் போனிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் என்ற பெருமை எனக்கு இருந்ததால், பழக்கிவிடும் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதலில் நம்பர்களைப் பதிந்தேன். மகன், மதினியின் அண்ணன் தம்பிகள், ஆஸ்பத்திரி, ஊர் டாக்ஸிக்காரர். கடைசியில், "சின்னண்ணன் நம்பரைப் போடவாண்ணே?" என்று கேட்டேன். அவர் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் 'தம்பி' என்று அடித்துப் பதிந்துவிட்டு, அவருக்குத் தெரிகிற மாதிரி போனைத் திருப்பிக் காட்டினேன். "சரி, அடுத்து என்னன்னு சொல்லு ஆத்தா" என்றார்.

அதே கோடையில் சின்னண்ணனும் போன் வாங்கினார். பால் சங்கத்துச் செய்தியெல்லாம் குரூப்பில்தான் வருகிறது, பட்டன் போனை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரிய மாட்டேன் என்கிறது என்று புலம்பினார். அவருடைய போனில் 'அண்ணே' என்று பதிந்தேன். அவரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

இரண்டு மாணவர்களில் சின்னண்ணன் மகா மோசம். குரூப்பில் யாரோ இறந்த செய்தி வந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போடுவார். நான் போனில் கூப்பிட்டு, "சாவு வீட்டுக்குப் போய் இப்படித்தான் வெரலைத் தூக்கிக் காட்டுவியா?" என்று கத்தினேன். "வந்துருவேன்னு சொன்னேன்த்தா" என்றார். அப்படிச் சொன்னது போலவே ஒவ்வொரு சாவுக்கும் போயும் வந்தார். படத்தை மட்டும் மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். விடிந்ததும் ரோஜாப்பூவும் பொன்மொழியுமாக எல்லோருக்கும் அனுப்புவதை நிறுத்தத்தான் வெகுநாள் ஆயிற்று.

பெரியண்ணன் சொன்னதைச் சரியாகச் செய்வார். ஆனால் விரல்கள் மரத்துப்போயிருக்கும், அழுத்துவது ஒன்று, திறப்பது ஒன்றாக இருக்கும். ஒருமுறை ஆட்டைத் திட்டியது அத்தனையும் குரலாகப் பதிவாகிச் சம்பந்தி வீட்டுக் குரூப்புக்குப் போய்விட்டது. "எதையும் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, மூச்சு விட்டுட்டுப் பாருங்க" என்றேன். அவர் போன் மணியடித்தால் பெரிய மதினி ஓடிவந்து திறந்து பார்த்துவிடுவார். அது அண்ணனுக்குப் பிடிக்காது. அதனால் இருவரையும் உட்கார வைத்து, வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னேன். "அடுத்தவங்களுக்கு வந்ததை நாம தொறக்கக் கூடாது. புருஷன் பொஞ்சாதியா இருந்தாலும் சரி. ஒருத்தர் பேருக்கு வந்தா அது அவங்க பாக்குறதுக்கு." பெரிய மதினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

பிரச்சினை ஸ்டேட்டஸ் பழகியதும் வந்தது.

எங்கள் ஊரில் பேசாதவர்கள் பேசுவதற்கென்று ஒரு வழி உண்டு. சாடை பேசுவது. ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைக் கோழியைப் பார்த்துச் சொல்வது. "ஒனக்குத் தின்னது செரிக்கலைன்னா அடுத்த வீட்டுக் கொல்லையிலதான் கெளறணுமா?" என்று கோழியிடம் கேட்டால், அடுத்த வீட்டில் கேட்க வேண்டியவருக்குக் கேட்டுவிடும். அவர் தன் பங்குக்கு நாயிடம் பதில் சொல்வார். யாரும் யாரோடும் பேசவில்லை, ஆனால் எல்லாம் பேசியாகிவிட்டது. எங்கள் அம்மா அதில் கெட்டிக்காரி. அண்ணன்கள் இருவரும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். ஸ்டேட்டஸில் ஒரு படமோ இரண்டு வரியோ போட்டால் ஒரு நாள் முழுக்க நிற்கும் என்று நான் சொல்லிக்கொடுத்ததும், அவர்களுக்குக் கோழியும் நாயும் தேவையில்லாமல் போய்விட்டது.

அப்பாவின் திதி வந்தது. பெரியண்ணன் அப்பா படத்தைப் போட்டு, 'அப்பா ஒங்க முகத்தைக் கடைசியாப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. குடுத்து வச்சவங்க நல்லா இருக்கட்டும்' என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் சின்னண்ணன் காக்கை படம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டு, 'கூட இருந்து அள்ளிப் போட்டவனுக்குப் பழி. தூரத்துல இருந்தவங்களுக்குப் பாசம்' என்று எழுதினார். அத்தோடு என் நிம்மதி போயிற்று. மாமா மகன் கூப்பிட்டான், சம்பந்தி கூப்பிட்டார், பால் சங்கத்துச் செயலாளர்கூடக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதும் சங்கடமாங்க டீச்சர்?" என்று விசாரித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் ஊருக்குப் போனேன். முதலில் மேற்கே நுழைந்தேன். "நான் யாரு பேரையும் சொல்லலையே" என்றார் சின்னண்ணன். "காக்காதான் போட்டேன்." ஸ்டேட்டஸ் என்பது அண்ணன் ஒருவர் காதில் மட்டும் விழும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நம்பர் தெரிந்த அத்தனை பேரும் பார்ப்பார்கள் என்று விளக்கினேன். பார்த்தவர்களின் பெயர் கீழே வரிசையாக வரும் என்று திறந்தும் காட்டினேன். அதில் மேலாக 'அண்ணே' என்று இருந்தது.

அவர் போனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது அவரு பாத்ததா?"

"ஆமா. அவரு ஒன் நம்பரை அழிச்சிருந்தா இது அவருக்குத் தெரியாது. நீ அவரு நம்பரை அழிச்சிருந்தாலும் தெரியாது. ரெண்டு பேரும் வச்சிருந்தாத்தான் தெரியும்."

"அப்ப அழிக்கலையா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டார். மாடு அப்போதுதான் குடித்துவிட்டுப் படுத்திருந்தது.

கிழக்கே போய்ப் பெரியண்ணனையும் ஒரு பிடி பிடித்தேன். "வீட்டுச் சண்டையை ஊரு பாக்கத் தொங்க விடாதீங்க. கோவமா இருந்தா போனைக் கீழ வைங்க" என்றேன். அவர் சண்டை போடவில்லை. நோய் வந்த பிறகு அவரிடம் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் வீம்பு குறையவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டேட்டஸில் சாடை வரவில்லை. வேறு என்னவோ வர ஆரம்பித்தது.

மழைக்காலத்தில் சின்னண்ணன் ஒரு படம் போட்டார். கண்மாயில் தண்ணீர் மடையைத் தொட்டு நிற்கிறது. எழுத்து ஒன்றும் இல்லை. பெரியண்ணனால் அப்போது கண்மாய் வரை நடக்க முடியாது. மறுநாள் பெரியண்ணன் தன் காலைப் படம் பிடித்துப் போட்டார், வீங்கியிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன், காலையெல்லாமா போடுவார்கள் என்று. அன்று சாயங்காலம் சின்ன மதினி சுவருக்கு மேலாகச் சுரைக்காய் நீட்டினார். மதினிகள் இருவரும் எப்போதும் பேசிக்கொள்வார்கள், அதைத் தடுக்க எந்தச் சுவருக்கும் முடியவில்லை. இன்னொரு நாள் பெரியண்ணன், 'நாளை ஆஸ்பத்திரி. கார்' என்று இரண்டே வார்த்தை போட்டார். விடிந்து பார்த்தால் வீட்டுச் சந்துப் பாதையை மறித்து எப்போதும் நிற்கும் சின்னண்ணனின் வண்டி தள்ளி நிறுத்தப்பட்டிருந்தது. கன்று போட்டது, கடலை பிடுங்கியது, குலசாமி கோயிலில் கொட்டகை போட்டது எல்லாம் மேற்கிலிருந்து வந்தன. கிழக்கிலிருந்து மாத்திரை அட்டையும் மகனின் படமும் போயின. இரண்டு பக்கமும் பார்த்தவர் வரிசையில் முதல் பெயராக மற்றவர் பெயர் இருக்கும்.

டயாலிசிஸ் முடிந்து என் வீட்டில் படுத்திருந்த ஒரு மத்தியானம் பெரியண்ணனிடம் கேட்டேன். "இத்தனைக்கு ஆன பிறகு வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுனா என்னண்ணே?"

"பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார்.

"இது பேச்சா?"

"போதும்த்தா. மொகத்தப் பாத்தா அப்பா நெனப்பு வந்துரும். வாயில வேற என்னமும் வந்துரும்." கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு உடம்பு தேய்ந்துகொண்டே வந்தது. வாரத்துக்கு வாரம் சட்டை தொளதொளத்துப் போனது. நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

தை பிறந்து கொஞ்ச நாளில் இது நடந்தது. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் சாப்பாட்டை அவிழ்த்தபோது சின்னண்ணன் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"ஏத்தா, அவருகிட்டேருந்து ஒண்ணு வந்துருக்கு. ஸ்டேட்டஸ் இல்ல. எனக்கே வந்துருக்கு."

"என்ன வந்திருக்கு?"

"தெரியல. இந்த மெசேஜ் நீக்கப்பட்டதுன்னு போட்டுருக்கு. காலையில பால் கறந்துக்கிட்டு இருந்தேன். மணி அடிச்சிச்சு. கையத் தொடச்சுட்டு எடுக்குறதுக்குள்ள அழிச்சிட்டாரு. அதத் திருப்பி எடுக்க வழி இருக்காத்தா? ஒனக்குத் தெரியுமே."

வழி இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பொன்னமராவதியில் போன் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவரும் இல்லை என்று சொன்ன பிறகு மறுபடியும் என்னைக் கூப்பிட்டு, "பெருசா எழுதிருப்பாரா, ஒரு வரிதான் இருக்குமா, அதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். அதுவும் தெரியாது என்று சொன்னேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பெரியண்ணனிடம் நேராகவே கேட்டேன். அவர் பதறிப்போனார். "அழிச்சா, அழிச்சேன்னு அங்கிட்டுக் காட்டுமா?"

"காட்டும்."

"இதை நீ சொல்லவே இல்லையே ஆத்தா."

"நீங்க அழிப்பீங்கன்னு யாரு கண்டா? அனுப்பறதுக்கு முன்னாடி மூச்சு விட்டுட்டுப் பாருங்கன்னுதான் சொன்னேன். அனுப்பிட்டா அழிக்காதீங்கன்னு சொல்லணும்னு எனக்குத் தோணல." வாய் என்னமோ சண்டை பிடித்தது. உள்ளே அழுகைதான் வந்தது. "என்னண்ணே போட்டீங்க?"

"கை பட்டுருச்சுத்தா" என்றார். கை பட்டு வந்திருந்தால் அவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க மாட்டார்.

சின்னண்ணனிடம், நீ ஏதாவது ஒன்று போடு, சும்மா 'அண்ணே' என்றாவது போடு என்று சொல்லிப் பார்த்தேன். "என்ன கேட்டாருன்னு தெரியாம என்னன்னு பதில் சொல்லுறது?" என்றார். "திட்டி எழுதிருந்தா?" இவர் கேட்கட்டும் என்று அவரும், அவர் சொல்லட்டும் என்று இவருமாக மாசி போயிற்று, பங்குனி போயிற்று. இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு சுவர்தானே, அதைச் சுற்றி வருவதற்கு எத்தனை அடி நடக்க வேண்டும்? ஊருக்கெல்லாம் போன் மரியாதை சொல்லிக்கொடுத்தேன். என் வீட்டில் இரண்டு பேரை ஒரு வார்த்தை பேச வைக்க எனக்குத் துப்பில்லை.

ஒரு நாள் காலையில் சின்ன மதினி கூப்பிட்டார். "பெரியவருக்கு ரொம்ப முடியல. கெளம்பி வாங்க."

அதே பொய். எனக்கும் அதே பொய்தான். பொன்னமராவதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தேன். சொந்தக்காரர்களின் ஸ்டேட்டஸை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். யாராவது படம் போட்டிருப்பார்கள், மாலை போட்டிருப்பார்கள் என்று தேடினேன். ஒருவரும் போடவில்லை. சமையல், கோயில், பிறந்தநாள் கேக். ஒருவேளை உண்மையிலேயே முடியாமல்தான் இருக்கிறாரோ என்று நினைத்தேன். தெரிந்தே நினைத்தேன். ஊர் வரும் வரைக்கும் அந்த நினைப்பு தாங்கியது.

தெருவில் இறங்கினால் பந்தல் போட்டிருந்தது. யாரும் வாங்க என்று சொல்லவில்லை, சாவு வீட்டில் சொல்வதில்லை. சின்னண்ணன் கிழக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த வாசலில் அவரை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "போட்டோ எடுக்காதீங்க. எங்கயும் போடாதீங்க. குவைத்துலேருந்து பய இன்னும் வந்து சேரல. அவனுக்கு சீரியஸ்னுதான் சொல்லிருக்கு."

பஸ்ஸில் நான் ஒன்றையும் பார்க்காததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. விடிந்ததிலிருந்து அவர் போனும் கையுமாக ஒவ்வொரு குரூப்பிலும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அப்பா படத்தைப் போட்ட பங்காளி வீட்டுப் பையன் இப்போது பிள்ளை குட்டிக்காரன். அவன் வீட்டுக்கே நேரில் போய், "இந்தத் தடவை வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பெரியண்ணன் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். முகம் வீக்கம் வடிந்து, குவைத்துக்கு முதல்முறை போன வயதில் இருந்த மாதிரி இருந்தது. நான் அழுது முடித்து எழுந்தபோது வெளியே பேச்சு கேட்டது. பையன் வர மறுநாள் மத்தியானம் ஆகும், அதுவரை வைத்திருக்க வேண்டாம், கோடைக்காலம், பொழுதுக்குள் எடுத்துவிடலாம், கொள்ளி வைக்கத் தம்பி நீ இருக்கிறாயே என்று ஊர்ப் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வரட்டும்" என்றார் சின்னண்ணன்.

"கரண்டு எப்ப இருக்கும் எப்பப் போகும்னு தெரியாதுப்பா."

"ஜெனரேட்டருக்குச் சொல்லிருக்கேன். இன்னொரு பெட்டிக்கும் சொல்லிருக்கேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு நீங்க சொன்னீங்க, கேட்டேன். இன்னைக்கு நான் சொல்றேன், கேளுங்க. அவசரமா இருக்கவங்க போகலாம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

யாரும் போகவில்லை. இந்த வார்த்தை யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர் உள்ளே கண்ணாடிக்குக் கீழே இருந்தார்.

மறுநாள் மத்தியானம் மகன் வந்தான். கார் தெருவுக்குள் திரும்பியதும் சின்னண்ணன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பந்தலைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொண்டான். ஒருவர் மார்பில் சாய்ந்துகொண்டு தெரிந்துகொண்டான், அதுவாவது கிடைத்தது. அப்பன் முகத்தைப் போதும் போதும் என்கிற வரைக்கும் பார்த்தான். அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள். கொள்ளிச் சட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, சின்னண்ணன் அவனுக்கு ஒரு அடி பின்னால் நடந்து போனார்.

நாங்கள் வீடு கழுவினோம். தண்ணீர் வாசலில் ஓடியது. பெரியண்ணனின் போன் என் இடுப்பில் செருகியிருந்தது, தகவல் சொல்ல வேண்டியவர்களின் நம்பரெல்லாம் அதில்தான் இருந்தன. குளித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். சின்னண்ணன் ஈர வேட்டியோடு பந்தலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, தன் போனை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். வெகுநேரம் ஒரே விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். ஊருக்கு இப்போதுதான் சொல்கிறார் போல என்று நினைத்தேன்.

என் இடுப்பில் மணியடித்தது.

எடுத்துப் பார்த்தேன். பெயர், 'தம்பி'. பெரியண்ணனுக்கு வந்தது. அடுத்தவர்களுக்கு வந்ததைத் திறக்கக் கூடாது, ஒருத்தர் பேருக்கு வந்தால் அது அவர் பார்ப்பதற்கு என்று இந்த வீட்டில் உட்கார்ந்து நான்தான் சொன்னேன். இனி அதைப் பார்க்க வேண்டியவர் இல்லை. திறக்காமல் வைத்தால் அது திறக்காமலேயே கிடக்கும். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். அந்தப் போனுக்குப் பூட்டு வைத்ததும் நான்தான், எனக்குத் திறக்கத் தெரியும்.

மேலே அந்தப் பழைய வரி இருந்தது. இந்த மெசேஜை நீங்கள் நீக்கிவிட்டீர்கள். அதற்குக் கீழே, புள்ளி கமா ஒன்றும் இல்லாமல், சின்னண்ணன் எழுதியிருந்தார்.

'அண்ணே பய வந்துட்டான் அவன் வர்ற வரைக்கும் எடுக்கல பொறுத்திருந்தேன் அவன் கையாலதான் வச்சோம்'

பந்தலின் ஓரத்தில் அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டால் இரண்டு டிக்கும் நீல நிறமாகும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது மாறியிருக்க வேண்டும். அவர் தலையைத் தூக்கினார். என் கையில் இருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாத்துட்டாருத்தா" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். "பாத்துட்டாரு."